வெளிநாட்டு ஊழியர் கடன் கணக்கெடுப்பு: 13 வாரப் பாடத்துக்குள் மாணவர்களை வைத்துச் செய்ய முடியுமா?

ஆனந்தி_விரிவுரை | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். வளர்ச்சி ஆய்வியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கள ஆய்வுப் பாடம் ஒன்றை அடுத்த பருவத்துக்காகத் தயார் செய்கிறேன். மாணவர்கள் 24 பேர், அவர்களில் சரளமாகத் தமிழ் பேசுவோர் 6 பேர். 13 வாரம், ஆறாவது வாரம் முடிந்ததும் ஒரு வார விடுப்பு. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கட்டுமான ஊழியர்கள் 120 பேரிடம், இங்கு வர ஆன செலவு, அதற்காக வாங்கிய கடன், ஊருக்கு அனுப்பும் பணம் மூன்றையும் கேட்கலாம். கிடைக்கும் விவரத்தை வைத்துப் பல பரிமாண வறுமைக் குறியீட்டையும் (உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றிலும் உள்ள குறைகளைச் சேர்த்து அளப்பது) கணக்கிட வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

வரைவிலிருந்து மூன்று கேள்விகள்:

4. தங்களின் மாத வருமானம் எவ்வளவு?
9. தங்களுக்குக் கடன் உள்ளதா? (ஆம் / இல்லை)
10. வட்டி விகிதம்: ____ சதவீதம்

எங்கே உடையும் என்று சொல்லுங்கள்.

பூன்லே_வாசி | ஞாயிறு, இரவு 10.02

கேள்வித்தாளுக்கு முன்னால் ஐஆர்பி, அதாவது பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். வகுப்புப் பயிற்சிதானே என்று விட்டுவிட்டு, விவரம் நன்றாக வந்த பிறகு கட்டுரையாக்க ஆசைப்பட்டால் அப்போது வழியில்லை. சேகரித்து முடித்த விவரத்துக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் கிடைக்காது. பருவம் தொடங்கும் முன்பே ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். மாணவர் 24 பேரின் பெயரும் அதில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் மூன்று விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள் மேடம்.

முதலாவது, ஊழியரை எங்கே சந்திப்பது. தங்குவிடுதி நடத்துபவர் வழியாகவோ நிறுவனத்தின் வழியாகவோ போனால் வேலை சுலபம், ஆனால் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் போய்விடும். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. சூப்பர்வைசர் கூட்டி வந்து உட்கார வைத்த ஆள் "முடியாது" என்று சொல்லவே மாட்டார். பொது இடத்தில், அவரே நின்று பேசும் இடத்தில் மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது, கையெழுத்து. காகிதத்தில் கையெழுத்து கேட்ட அடுத்த நொடி முகம் மாறும். எத்தனையோ காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் அவர்கள். கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதம் என்று விலக்கு கேளுங்கள். பெயர், ஃபின் எண் (வெளிநாட்டவர் அடையாள எண்), அறை எண், நிறுவனப் பெயர் எதுவுமே பதிவாகாது என்றால் அந்த விலக்குக்கு நியாயம் தானாக வந்துவிடும். கையெழுத்து வாங்கினால் பெயர் தெரியும் ஒரே ஆவணம் அந்தக் கையெழுத்துத் தாள்தான் என்று எழுதுங்கள்.

மூன்றாவது, கேட்கும்போது தவறு ஒன்று வெளிப்பட்டால் என்ன செய்வது. வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது இங்கே குற்றம். "பர்மிட் புதுப்பிக்க ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால் இருபது வயது மாணவர் விழிப்பார். மனிதவள அமைச்சு, வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகளான ஹோம், டிடபிள்யூசி2 ஆகியவற்றின் தொடர்பு விவரம் அச்சிட்ட சின்னத் தமிழ் அட்டை ஒன்றை எல்லாருக்கும் கொடுங்கள், புகார் சொன்னவருக்கு மட்டுமல்ல. புகார் சொன்னவருக்கு மட்டும் கொடுத்தால், பக்கத்தில் நிற்பவருக்கு யார் என்ன பேசினார் என்று தெரிந்துவிடும்.

எண்கணக்கு | ஞாயிறு, இரவு 11.25

120 என்ற எண் எங்கிருந்து வந்தது? எல்லா ஊழியரும் அடங்கிய மாதிரிப் பட்டியல் கையில் இல்லாதபோது பாடநூல் சூத்திரத்தின் 384ஐ (5 புள்ளி பிழை எல்லைக்கு வேண்டிய ஆட்கள்) தேடி ஓட வேண்டியதில்லை, சரி. ஆனால் 120 எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மாணவர்களே கணக்குப் போடட்டும். தற்போக்கு மாதிரியாக இருந்தால் 95 சதவீத நம்பிக்கையில் பிழை எல்லை ஏறத்தாழ 9 புள்ளி. பத்து இடங்களில் இடத்துக்கு 12 பேர் என்று எடுத்தால் ஒரே இடத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையின் அளவான உள்தொடர்பு 0.05 என்று வைத்துக்கொண்டாலும், மாதிரி எத்தனை மடங்கு பெரிதாக வேண்டும் என்று காட்டும் வடிவமைப்பு விளைவு 1.55. அதாவது உங்கள் 120 பேர் 77 பேருக்குச் சமம். பிழை எல்லை 11 புள்ளி. இதைக் களத்துக்குப் போகும் முன்பே எழுத வையுங்கள், "60 சதவீதத்தினர் கடனில்" என்று தலைப்பு வைக்கும் ஆசை பாதி அடங்கும்.

பெரிய ஓட்டை வேறு. ஞாயிறு மாலை, ஊழியர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்கா திடலில் மட்டும் நின்றால், ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரியில் வரவே மாட்டார்கள். ஞாயிறு ஓட்டி (கூடுதல் நேர வேலை) பார்ப்பவர் யார்? கடனில் கழுத்துவரை மூழ்கியவர். நீங்கள் அளக்க வந்ததே கடன். கடன் அதிகமுள்ளவர் விடுபட்டுப் போகிற நேரத்தில் நின்று அளக்கிறீர்கள். பிழை ஒரே திசையில் சாயும், மாதிரியை 500 ஆக்கினாலும் சரியாகாது.

செய்யக்கூடியது இடம்-நேர மாதிரி. சிராங்கூன் சாலைப் பக்கம், பெஞ்சுரு பொழுதுபோக்கு நிலையம் போன்ற இடங்கள், துவாஸ், ஜூரோங் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்கள், பணம் அனுப்பும் கடைகள் இருக்கும் தெருக்கள் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரக் கூறுகளாகப் பிரித்து, வார நாள் இரவு 8 மணிக்கு மேல் உள்ள கூறுகளையும் சேர்த்து, குலுக்கி எடுங்கள். ஒருவர் எண்ணுகருவியோடு கடந்து போகிறவர்களை எண்ண வேண்டும், இன்னொருவர் ஏழாவது ஆளைக் கேட்க வேண்டும். மறுத்தவர்களையும் பதியுங்கள். "போன நாலு ஞாயிறுல எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?" என்ற ஒரு கேள்வி கட்டாயம், பின்னால் எடை போட அதுதான் கைப்பிடி.

1997ல் சமூகவியலாளர் ஹெக்கதார்ன் முன்வைத்த, ஊழியர்களே கூப்பன் கொடுத்து அடுத்தவரை அழைத்து வரும் முறையும் உண்டு. 13 வாரத்தில் அது வேண்டாம். சங்கிலி நான்கைந்து சுற்று ஓடினால்தான் தொடக்கத்தில் பிடித்த ஆளின் சாய்வு கரையும். உங்களுக்கு இரண்டு சுற்றுக்கே நேரம் போதாது.

சிராங்கூன்_மதி | திங்கள், காலை 7.40

மூன்று கேள்வியும் உடையும். தமிழ் தவறில்லை, தேர்வுத்தாள் தமிழ் என்பதுதான் குறை. "தங்களின் மாத வருமானம்" என்று கேட்டால் அரசாங்கத்து ஆள் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஐபிஏ கடிதத்தில் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) போட்டிருக்கும் தொகையைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது கைக்கு வந்த பணம்.

கேள்வி 4ஐ நான்காக உடையுங்கள்: "பேசிக் எவ்வளவு?", "போன மாசம் ஓட்டி எத்தனை மணி நேரம்?", "சாப்பாடு, ரூம்னு எவ்வளவு பிடிச்சாங்க?", "கடைசியில கையில வந்தது எவ்வளவு?" நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று அங்கேயே பார்க்கலாம். பேசிக் 600 வெள்ளி என்றால் மணிக்கூலி 600 பெருக்கல் 12, வகுத்தல் 52 பெருக்கல் 44, அதாவது 3.15 வெள்ளி. ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு, 4.72. மாதத்துக்கு ஓட்டி உச்சவரம்பு 72 மணி நேரம், ஆக 340 வெள்ளி. கைக்கு 1,400 வந்தது என்றால் பேசிக் தவறு, அல்லது ஓட்டி வரம்பைத் தாண்டியிருக்கிறது, அல்லது ஓய்வுநாள் வேலைக்கான பணம் சேர்ந்திருக்கிறது. படிவம் அதைத் தடுக்கக் கூடாது. "மறுபடி கேள்" என்று எச்சரித்தால் போதும். தடுத்தால் மாணவர் படிவம் ஏற்கும் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், உண்மை அங்கேயே தொலையும்.

கேள்வி 9தான் மிக மோசம். "கடன் இருக்கா?" என்றால் "இல்லை" என்பார். மனைவியின் நகை பேங்கில் இருக்கும், மச்சானிடம் கைமாத்து இருக்கும், அப்பா பேரில் நிலம் ஒத்திக்குப் போயிருக்கும். எதுவும் அவர் வாயில் "கடன்" இல்லை. வட்டிக்கு வாங்கியது மட்டும்தான் கடன். அதனால் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: நகை, வட்டிக்கு வாங்கியது, கைமாத்து, நிலம், மகளிர் குழு, சீட்டு. இங்கே வர அவர் வாங்காமல் வீட்டார் பேரில் வாங்கியதையும் சேர்த்து.

ஏஜென்ட் பணமும் ஒரே கேள்வியில் அடங்காது. இங்குள்ள முகவர் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆனால் ஊர் ஏஜென்ட் வாங்குவது அந்தக் கணக்கில் வராது. "ஊர்ல யார்கிட்ட கொடுத்தீங்க, ஸ்கில் அடிக்க (திறன் தேர்வு எழுத) எவ்வளவு ஆச்சு, இங்க வந்து யாருக்காவது கொடுத்தீங்களா" என்று பணம் கைமாறிய இடம் இடமாகக் கேட்டால்தான் எந்தச் சட்டம் எதுவரை எட்டுகிறது என்று வகுப்பில் பேச முடியும்.

எண்கணக்கு | திங்கள், காலை 8.15

மதி சொன்னதோடு கேள்வி 10. "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று. ஆண்டுக்கு 36. உங்கள் படிவத்தில் "சதவீதம்" என்று வெறுமனே இருந்தால் மாணவர் 3 என்று போடுவார், அலசும்போது இன்னொருவர் ஆண்டு வட்டி என்று எடுத்துக்கொள்வார்.

விளைவைப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய், மாதம் 12,000 கட்டுகிறார். உண்மையில் அடைக்க 47 மாதம். தவறாகப் பதிந்த கணக்கில் 26 மாதம். வேலை அனுமதி பொதுவாக இரண்டு ஆண்டு. தவறான கணக்குப்படி முதல் பர்மிட் முடியும் வேளையில் கடன் அடைந்து, அதன்பின் சம்பாதிப்பதெல்லாம் சேமிப்பு. உண்மையில் இரண்டாவது பர்மிட்டும் கடனுக்கே போகிறது. ஒரு கட்டத்தில் அலகு எழுதாததால் ஆய்வின் முடிவே தலைகீழாகிறது. இந்த ஒரு கணக்குக்கு ஒரு வகுப்பு முழுவதையும் கொடுக்கலாம்.

கேலாங்_குமரன் | திங்கள், பகல் 12.50

எண்கணக்கு அண்ணே, கணக்கு சரி, கடன் அப்படி நடப்பதில்லை. வட்டிக்கு வாங்கியதில் பெரும்பாலும் மாதாமாதம் வட்டி மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். 3 லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 9,000; ஆண்டுக்கு 1,08,000 கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. அசலை மொத்தமாகத்தான் வாங்கிக்கொள்வார்கள். அந்த மொத்தத்துக்கு வீட்டில் ஏலச்சீட்டு போடுவார்கள். ஆகவே "வட்டி மட்டும் போகுதா, அசலும் குறையுதா?" என்று தனிக் கேள்வி வேண்டும்.

சீட்டில் இன்னொரு சிக்கல். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 என்றால் எடுக்கும்வரை அது சேமிப்பு. ஆறாவது மாதம் எடுத்துவிட்டால் மிச்சம் 14 தவணை, தள்ளுபடி கிடைப்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 70,000 ரூபாய் கடன். அதே சீட்டு, அதே ஆள், போன மாதம் சொத்து, இந்த மாதம் கடன். "எடுத்தாச்சா?" என்று கேட்காமல் சீட்டை எந்தப் பக்கத்தில் எழுதினாலும் தவறு.

எண்கணக்கு | திங்கள், பகல் 1.20

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 47 மாதம் என்பதும் குறைந்த மதிப்பீடுதான். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்குக் காட்டலாம்.

பூன்லே_வாசி | திங்கள், மாலை 6.30

// பல பரிமாண வறுமைக் குறியீட்டையும் கணக்கிட வைக்கலாம் //

இது வேண்டாம் மேடம். அந்தக் குறியீட்டின் அலகு குடும்பம். தேக்காவில் நிற்கும் ஒருவரிடம் எந்தக் குடும்பத்தை அளப்பது? ஊரில் வீடு கட்டி, கேஸ் அடுப்பு வாங்கி, கழிப்பறை வைத்து, பிள்ளை பள்ளிக்குப் போனால் அந்தக் குடும்பம் வறுமையில் இல்லை என்றுதான் வரும். அதற்கு விலையாக ஓர் அறையில் பல பேரோடு படுத்திருப்பவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. அங்கே வீட்டுக் கணக்கெடுப்பில் அவர் வீட்டில் இல்லாதவர். இங்கே குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு சிங்கப்பூர்வாசிக் குடும்பங்களுக்கானது, அதிலும் இல்லை. இரண்டு நாட்டுப் புள்ளிவிவரத்துக்கும் நடுவே ஒரு மனிதர் விழுந்துவிடுகிறார். இதைத்தான் பாடமாக்க வேண்டும்.

குறியீட்டைக் கற்றுக்கொடுக்க இந்தியாவின் என்எஃப்எச்எஸ்-5 (தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு) விவரத்தை எடுங்கள். 2010ல் வந்த உலகக் குறியீட்டில் 10 சுட்டிகள்: உடல்நலம், கல்வி இரண்டிலும் இரண்டிரண்டு, ஒவ்வொன்றுக்கும் எடை ஆறில் ஒன்று, வாழ்க்கைத்தரத்தில் ஆறு, ஒவ்வொன்றுக்கும் பதினெட்டில் ஒன்று. கூட்டுத்தொகை மூன்றில் ஒன்றை எட்டினால் வறுமை. பள்ளிப்படிப்பு ஆண்டுகள், சமையல் எரிபொருள், கழிப்பறை, வீடு நான்கிலும் குறை உள்ள குடும்பம் சரியாக மூன்றில் ஒன்றில் நிற்கும். அதில் எரிபொருளை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு சிலிண்டர் வந்ததும் குடும்பம் கோட்டைத் தாண்டிவிடுகிறது, வேறெதுவும் மாறவில்லை. நிதி ஆயோக்கின் தேசியக் குறியீட்டில் பேறுகால நலம், வங்கிக் கணக்கு சேர்ந்து 12 சுட்டிகள். ஒரே குடும்பம் இரண்டிலும் எப்படி வருகிறது என்றும் ஒப்பிடலாம்.

அளவுகோல் மாறினால் எண் மாறும் என்பதற்கு இங்கேயே எடுத்துக்காட்டு உண்டு. 2020 டிசம்பரில் தங்குவிடுதி ஊழியர்களிடையே கொவிட் தொற்று பிசிஆர் பரிசோதனைப்படி 54,505. ரத்தப் பரிசோதனையில் முன்பு தொற்றியது தெரிந்த 98,289 பேரையும் சேர்த்ததும் 1,52,794, அதாவது 47 சதவீதம். அதே விடுதிகள், அதே மனிதர்கள்தான்.

ஆனந்தி_விரிவுரை | திங்கள், இரவு 9.45

குறியீட்டைக் களத்திலிருந்து எடுத்துவிட்டேன். பூன்லே சொன்ன "நடுவே விழும் மனிதர்" இரண்டாம் வார விரிவுரையாகிறது. அதற்கு உள்ளூர் வாசிப்பாக பின்னாளில் சிங்கப்பூர் நிதி அமைச்சரான கோ கெங் சுவீ 1953-54ல் நடத்திய சமூகக் கணக்கெடுப்பையும், 2019ல் வந்த குறைந்தபட்ச வருமானத் தர ஆய்வையும் வைக்கிறேன். அதிகாரபூர்வ வறுமைக்கோடு இல்லாத நாட்டில், தனியாக வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று சாதாரண மக்களையே கூட்டி உட்கார வைத்துக் கணக்கிட்ட ஆய்வு அது.

இன்னும் இரண்டு சந்தேகம். தமிழ் தெரியாத 18 மாணவர்கள் என்ன செய்வது? மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது போதுமா?

சிராங்கூன்_மதி | செவ்வாய், காலை 7.15

மறுமொழிபெயர்ப்பு போதாது. உங்கள் பழைய கேள்வி 9 மறுமொழிபெயர்ப்பில் முழு மதிப்பெண் வாங்கும். "தங்களுக்குக் கடன் உள்ளதா" ஆங்கிலத்துக்குத் துல்லியமாகத் திரும்பும், களத்தில் பொய்யான "இல்லை"யைக் கொண்டுவரும். சொல் சரியா என்று அது பார்க்கிறது, கேட்பவர் மனத்தில் என்ன எழுகிறது என்று பார்ப்பதில்லை.

எட்டுப் பத்துப் பேரிடம் உரக்கச் சிந்திக்க வைத்துப் பாருங்கள். கேள்வியைக் கேட்டு, பதில் வந்த பிறகு "எதையெல்லாம் சேர்த்துச் சொன்னீங்க?" என்று கேட்பதுதான் முறை. பத்தில் மூன்று பேர் வெவ்வேறாக எடுத்துக்கொண்டால் கேள்வியை மாற்றுங்கள். படிவத்தில் கேள்வி பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்துத் தமிழில் போட்டு "நீங்களே பேசுற மாதிரி கேளுங்க" என்றால் ஆறு மாணவர் ஆறு விதமாகக் கேட்பார்கள்.

அழைப்பும் முக்கியம். ஊழியர் மாணவரைச் "சார்" என்று தொடங்கினால் பதிலெல்லாம் சாருக்கான பதிலாகவே வரும். மாணவர் முதல் வாக்கியத்திலேயே "அண்ணே" என்று தொடங்கட்டும், பெரும்பாலும் "தம்பி" என்று திரும்பும். வயதில் மூத்தவர், அதனால் அது நடிப்பும் ஆகாது.

அனுப்பும் பணத்துக்கு "மாசம் எவ்வளவு அனுப்புவீங்க" என்று கேட்காதீர்கள். அனுப்ப நினைக்கும் தொகை வரும். "கடைசியா எப்போ அனுப்பினீங்க, எவ்வளவு? அதுக்கு முன்னாடி?" என்று மூன்று தடவை பின்னால் போங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல். ஆகஸ்ட்டில் தொடங்கும் பருவத்தில் கேட்டு 12ஆல் பெருக்கினால் தீபாவளிப் பணமே ஆண்டு முழுவதும் போனதாக ஆகிவிடும்.

கேலாங்_குமரன் | செவ்வாய், காலை 9.05

18 பேருக்கு வேலை நிறைய உண்டு. கணக்கெடுப்பு மென்பொருளான கோபோ டூல்பாக்ஸில் படிவம் கட்டுவது நால்வர். தொகைக்குப் பக்கத்தில் "ரூபாய் / வெள்ளி" என்றும் "ஆயிரம் / லட்சம்" என்றும் தனித்தனித் தேர்வு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் "3" என்று வந்து நிற்கும். வெள்ளியை ரூபாயாகக் களத்தில் மாற்றக் கூடாது. கடன் வாங்கிய ஆண்டின் மாற்று விகிதத்தில் பிறகு மாற்ற வேண்டும். இன்னும் நால்வர் ஒவ்வொரு இரவும் விவரத்தைச் சோதிக்கட்டும்: 9 நிமிடத்துக்குள் முடிந்த நேர்காணல், ஒரே மாணவரிடமிருந்து தொடர்ந்து வரும் "இல்லை", 5 லட்சம் போன்ற முழு எண்ணில் குவியல். குவியல் தவறில்லை, ஆனால் ஒரு மாணவரிடம் மட்டும் குவிந்தால் அவர் தோண்டிக் கேட்கவில்லை என்று பொருள். மற்றவர்கள் எண்ணுகருவி, மறுப்புப் பதிவு, குறியீட்டு ஏடு (எந்தப் பதிலுக்கு எந்த எண் என்ற பட்டியல்).

6 பேரால் 120 முடியாது. நேர்காணல் 20 நிமிடம், ஆள் தேட, மறுப்பு, நடை எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரக் கூறில் ஒருவருக்கு மூன்று. 120 என்றால் 40 கூறு, ஆளுக்கு ஏழு மாலை, அதுவும் தேர்வு வாரங்களுக்கு நடுவே. 60 வைத்துக்கொள்ளுங்கள்.

பூன்லே_வாசி | செவ்வாய், பகல் 1.10

60 என்றால் சதவீதம் எழுதுவதையே விட்டுவிடலாம். ஊழியர்களும் ஒவ்வொரு பருவமும் புது முகங்களுக்கு அதே கதையைச் சொல்லி அலுத்திருப்பார்கள். 60க்குப் பதில் 12 நீண்ட நேர்காணல், ஒவ்வொன்றிலும் கடன் கடனாக முழுக் கணக்கு. அது போதாதா?

எண்கணக்கு | செவ்வாய், பகல் 2.00

12இல் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரியும், எவ்வளவு பேரிடம் ஓடுகிறது என்று தெரியாது. மாணவர்கள் மாதிரியெடுப்பைக் கற்க வேண்டும் என்பதும் பாடத்தின் நோக்கம். 48 சுருக்கமான நேர்காணல், அவர்களில் சம்மதிக்கும் 8 பேரிடம் நீண்டது. சதவீதத்துக்குப் பதில் "48இல் 29" என்று எண்ணாகவே எழுதட்டும். ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை வெளியிடக் கூடாது. மாவட்டம் மட்டும் போதும், ஊர்ப் பெயர் வேண்டாம். வயது, ஊர், வந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தால் தங்குவிடுதியில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனந்தி_விரிவுரை | புதன், இரவு 8.30

48 + 8 என்று வைத்துக்கொள்கிறேன். வாரம் 1-2 கருத்தும் வாசிப்பும், 3-4 கேள்வித்தாள், 5இல் உரக்கச் சிந்தித்தல், 6இல் படிவத் திருத்தம், விடுப்பு வாரமும் 7-9உம் களம், 10-11 சுத்திகரிப்பும் அலசலும், 12இல் ஊழியர்களுக்கான ஒரு பக்கத் தமிழ்த் தாளும் வாட்ஸ்அப் குரல் பதிவும், 13இல் அறிக்கை. மதிப்பெண்ணில் கேள்வித்தாளுக்கும் அதன் திருத்தக் காரணங்களுக்கும் 30, விவரத் தரத்துக்கு 20, வாசிப்புக் குறிப்புக்கு 15, அறிக்கைக்கு 35.

கேள்வி 9இன் புது வடிவம்: "இங்க வர்றதுக்குப் பணம் எப்படிப் புரட்டினீங்க, அண்ணே? நகை வச்சீங்களா? எவ்வளவுக்கு? இன்னும் அங்கதான் இருக்கா, மீட்டாச்சா?" பிறகு இதே வரிசையில் வட்டிக்கு வாங்கியது, கைமாத்து, நிலம், குழு, சீட்டு. கேள்வி 10: "நூத்துக்கு எத்தனை வட்டி? மாசத்துக்கா, வருஷத்துக்கா? வட்டி மட்டும் போகுதா, அசலும் குறையுதா?"

சிராங்கூன்_மதி | புதன், இரவு 9.05

"நகை வச்சீங்களா" என்பதில் ஒரு திருத்தம். நகை பெரும்பாலும் அவருடையதில்லை. மனைவியோடது, அம்மாவோடது, அக்காவோடது. "யாரு நகை?" என்று ஒரு வரி சேருங்கள். நகை தந்தவரும் இந்தப் பயணத்துக்குப் பணம் போட்டவர். உங்கள் படிவத்தில் அவருக்கு இதுவரை ஒரு கட்டம்கூட இல்லை.